காட்டுப் பாதையில் மின் சைக்கிள்: அளக்க வேண்டியது மோட்டாரை மட்டும் அல்ல

அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியில், மெய்ன் மாநிலக் கடலோரத்தில் இருக்கிறது அகேடியா தேசியப் பூங்கா. அதன் ஏரிகளையும் கருங்கல் குன்றுகளையும் சுற்றிச் சுற்றிப் போகும் 45 மைல் சரளைச் சாலைகள் குதிரை வண்டிகளுக்காகப் போடப்பட்டவை. போட்டவர் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர். 1913-இல் தொடங்கிய வேலை 1940 வரை நீண்டது. பூங்கா இருக்கும் தீவுக்குள் மோட்டார் கார்கள் வரத் தொடங்கியிருந்த காலம் அது. அவற்றின் தொல்லை எட்டாத வழி ஒன்று இருக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். பெட்ரோலியத்தில் வந்த குடும்பப் பணத்தைக் கொண்டே பெட்ரோல் வண்டி வரக் கூடாத சாலையைப் போட்டார் அந்த எண்ணெய்க் கம்பெனி வாரிசு. பணக்காரர்களின் வினோதங்களில் இது ஊருக்குப் பயன்பட்ட வினோதம்.

அதே சாலைகளில் இன்று மோட்டார் வைத்த சைக்கிள்கள் சட்ட அனுமதியோடு போகின்றன. இதைக் கண்டு கொதிப்பவர்கள் உண்டு. எனக்கு அகேடியாவில் பெரிய குறை தெரியவில்லை. சாலை சுமார் 16 அடி அகலம். வேக வரம்பு மணிக்கு 20 மைல். பெடல் மிதித்தால் மட்டும் மோட்டார் கை கொடுக்கும் வகைக்கே அனுமதி. எதிரே குதிரை வந்தால் ஒதுங்க இடம் இருக்கிறது. வளைவில் எட்டப் பார்க்க முடிகிறது.

ஒருபுறம் சரிவும் மறுபுறம் பாறையுமாக, ஓர் ஆள் நடக்க மட்டுமே இடமுள்ள ஒற்றையடிப் பாதைக்கு அதே வண்டி போனால் கதை வேறு. அங்கே நடப்பவர், குதிரைக்காரர், சாதாரண சைக்கிள்காரர், மின் சைக்கிள்காரர் எல்லோரும் அதே இரண்டடி மண்ணைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஐந்தாறு ஆண்டுகளாக அமெரிக்கப் பொது நிலங்களில் நடக்கும் சண்டை இந்த இரண்டடிக்காகத்தான். ஆனால், மின் சைக்கிள் சைக்கிளா, மோட்டார் வண்டியா என்ற பெயர்ச் சண்டையாகவே அது பெரும்பாலும் நடந்துவந்திருக்கிறது. பாதையை முதலில் பார்த்திருந்தால் பாதித் தகராறு தீர்ந்திருக்கும் என்பது என் கட்சி.

நிலத்தின் அளவைச் சொன்னால் விஷயத்தின் கனம் புரியும். அமெரிக்க மத்திய அரசின் நில மேலாண்மைப் பணியகத்தின் கையில் மட்டும் சுமார் 24.5 கோடி ஏக்கர் இருக்கிறது. தமிழ்நாட்டைப் போல் ஏழு மடங்குக்கும் மேல். வனத் துறையிடம் 19.3 கோடி ஏக்கர். தேசியப் பூங்காத் துறையிடம் ஏறத்தாழ 8.5 கோடி. நிலப் பணியகமும் பூங்காத் துறையும் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகின்றன. (நம் ஊர் உள்துறையைப் போல் போலீசைப் பார்க்கும் அமைச்சகம் இல்லை அது, நிலம், நீர், பூங்கா பார்ப்பது.) வனத் துறையோ வேளாண் அமைச்சகத்தைச் சேர்ந்தது. மலைப் பாதைக்கு இந்த எல்லைக்கோடெல்லாம் தெரியாது. ஒரு பள்ளத்தாக்கில் ஒரு துறையின் நிலத்தில் கிளம்பி அடுத்த துறையின் நிலத்தில் ஏறிவிடும். விதி மட்டும் நடுவழியில் மாறிவிடும்.

இனி வண்டி. கலிஃபோர்னியா 2015-இல் இயற்றிய சட்டம் மின் சைக்கிளை மூன்று வகையாகப் பிரித்தது. பிறகு பல மாநிலங்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. முதல் வகையில் பெடலை மிதித்தால்தான் மோட்டார் ஓடும். மணிக்கு 20 மைல், அதாவது 32 கி.மீ. தொட்டதும் அதன் உதவி நின்றுவிடும். இரண்டாம் வகை, மிதிக்காமலே கைப்பிடி ஆக்ஸிலரேட்டரில் ஓடும். உச்சம் அதே 20 மைல். மூன்றாம் வகையில் மிதித்தாக வேண்டும். ஆனால் மோட்டார் 28 மைல், அதாவது 45 கி.மீ. வரை தள்ளும். மூன்றுக்கும் பொதுவான மோட்டார் வரம்பு 750 வாட்.

அந்த 750 வாட்டைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். அது ஒரு குதிரைத் திறன். சராசரி மனிதர் சீராகச் சைக்கிள் மிதிக்கும்போது கொடுப்பது 100 முதல் 150 வாட். அப்படியென்றால் ஐந்தாறு பேரின் கால்கள் ஒரு சக்கரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. ஐரோப்பாவில் சைக்கிள் என்று ஒப்புக்கொள்வதற்கான வரம்பு 250 வாட், 25 கி.மீ. வேகம். நம் நாட்டிலும் மத்திய மோட்டார் வாகன விதிகள் ஏறக்குறைய இதே எல்லையைத்தான் வைத்திருக்கின்றன. அதற்குள் அடங்கும் மின் சைக்கிளுக்குத்தான் பதிவும் உரிமமும் தேவையில்லை. அமெரிக்கா சைக்கிள் என்று சொல்லும் 750 வாட் வண்டி, சென்னையில் நம்பர் பிளேட் மாட்டிக்கொண்டு ஓட வேண்டிய வண்டி.

அமெரிக்காவுக்கு இந்தத் தாராளம் எங்கிருந்து வந்தது? 2002-இல் நாடாளுமன்றம் ஒரு சிறு சட்டம் செய்தது. 750 வாட்டுக்குக் குறைந்த, மோட்டாரில் மட்டும் ஓடினால் 20 மைலைத் தாண்டாத மின் சைக்கிளை நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் பொறுப்பில் விட்டது. பிரேக் பிடிக்கிறதா, சட்டகம் உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கான ஏற்பாடு அது. கடையில் விற்கும் பொருளைப் பற்றிய சட்டமே தவிர, காட்டுப் பாதையைப் பற்றி அதில் எதுவும் இல்லை. ஆனால் வியாபாரிகள் அதைக் காட்டி, ‘மத்திய சட்டமே சைக்கிள் என்று சொல்லிவிட்டது, பாதையைத் திற’ என்று கேட்கப் பழகிவிட்டார்கள்.

கேட்டது கிடைத்தது. 2019 ஆகஸ்ட் 29 அன்று உள்துறை அமைச்சர் டேவிட் பெர்ன்ஹார்ட் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். சாதாரண சைக்கிள் போகும் இடத்துக்கு மின் சைக்கிளும் போகலாம் என்பது அதன் சாரம். மறுநாளே பூங்காத் துறை தன் பூங்காக்களுக்குச் சுற்றறிக்கை விட்டது. அரசு இயந்திரம் இப்படி ஒரே நாளில் ஓடினால் எந்த நாட்டிலும் கொஞ்சம் சந்தேகப்படுவது நல்லது.

அந்த அவசரத்தில் ஓரங்கட்டப்பட்ட பழைய ஆணை ஒன்று உண்டு. 1972-இல் குடியரசுத் தலைவர் நிக்சன் போட்டது. பாலைவனங்களிலும் காடுகளிலும் மோட்டார் சைக்கிள்களும் ஜீப்புகளும் தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்த காலம் அது. சாலைக்கு வெளியே ஓடும் மோட்டார் வண்டிகளுக்கு எந்தப் பாதையைத் திறப்பது என்று முடிவு செய்யும் முன், மண்ணுக்கும் தாவரங்களுக்கும் வரும் சேதம், விலங்குகளுக்கு வரும் தொந்தரவு, அதே நிலத்தைப் பயன்படுத்தும் மற்றவர்களோடு வரும் உரசல் ஆகியவற்றைக் குறைக்கும்படி பார்க்க வேண்டும் என்றது அந்த ஆணை. சுற்றுச்சூழலுக்காக நிக்சனைப் பாராட்ட வேண்டி வருவது அமெரிக்க அரசியலின் விளையாட்டுகளில் ஒன்று. 2019 ஆணை மின் சைக்கிளை அந்த வண்டிகளின் பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னது. பட்டியலிலிருந்து பெயர் போனதும் அந்தக் கேள்விகளும் போய்விட்டன.

ஒரு பொதுநலச் சூழல் அமைப்பு பூங்காத் துறையை நீதிமன்றத்துக்கு இழுத்தது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2020 நவம்பரில், சுற்றறிக்கை முறையான விதியாகவும் ஆகிவிட்டது. 2022 மே மாதம் வாஷிங்டன் மத்திய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: சட்டப்படி செய்ய வேண்டிய சூழல் ஆய்வைச் சரியாகச் செய்யாமலே துறை விதியைக் கொண்டுவந்துவிட்டது. நீதிபதி விதியை ரத்து செய்யவில்லை. வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பினார். மூன்று ஆண்டுக்குள் பூங்காக்கள் பலவற்றில் பாதைகள் திறந்தாயிற்று, மக்கள் பல ஆயிரம் டாலர் போட்டு வண்டி வாங்கியாயிற்று. திறந்த கதவை மூடுவது எந்த அரசுக்கும் எளிதில்லை என்பது ஆணை போட்டவர்களுக்குத் தெரியாதா என்ன?

வேளாண் அமைச்சகத்தின் கீழ் இருந்ததால் வனத் துறையை அந்த ஆணை கட்டுப்படுத்தவில்லை. ஆனாலும் கலிஃபோர்னியாவின் டாஹோ தேசிய வனத்தில் அதிகாரிகள் அதே 2019-இல் சுமார் 130 மைல் மோட்டார் இல்லாப் பாதைகளை முதல் வகை வண்டிகளுக்குத் திறந்துவிட்டார்கள். ஆய்வும் இல்லை, கருத்துக் கேட்பும் இல்லை. குதிரைக்காரர்கள் சங்கமும் வேறு சில அமைப்புகளும் வழக்குப் போட்டன, துறை பின்வாங்கியது. பிறகு முறைப்படி ஆய்வு செய்து, மக்களிடம் கேட்டு, சில பாதைகளை மட்டும் தேர்ந்தெடுத்துத் திறந்தது. 2022-இல் வனத் துறை தன் உள்விதிகளையும் திருத்தியது: மின் சைக்கிள் மோட்டார் வண்டிதான், ஆனால் எந்தப் பாதைக்கு எந்த வகை ஏற்றது என்று அந்தந்த இடத்து அதிகாரி தனியாக ஆராய்ந்து முடிவு செய்யலாம். வனத் துறையிடம் ஏற்கெனவே மோட்டார் வண்டிகளுக்குத் திறந்திருக்கும் பாதைகள் மட்டும் சுமார் 60,000 மைல். மின் சைக்கிள் வைத்திருப்பவருக்குப் போக இடமே இல்லை என்ற புலம்பலை இந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சரி, மின் சைக்கிளால் கேடு உண்டா? இங்கே இரண்டு கட்சியும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்கின்றன.

மண்ணைப் பொறுத்தவரை பயம் அதிகப்படி. 2015-இல் ஓரிகனில் சர்வதேச மலைச் சைக்கிள் சங்கம் ஒரு சிறு சோதனை நடத்தியது. முதல் வகை மின் சைக்கிள் பெயர்க்கும் மண் சாதாரண மலைச் சைக்கிள் பெயர்ப்பதைப் போன்றதே, மோட்டார் சைக்கிளைவிட மிகவும் குறைவு என்று கண்டது. சைக்கிள்காரர்களே நடத்திய சோதனை என்பதை மனதில் வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் எடையையும் டயரையும் பார்த்தால் முடிவு நம்பக்கூடியதே. கொலராடோவின் ஜெஃபர்சன் மாவட்டம் இன்னும் நிதானமாகப் போயிற்று. 2017-இல் பூங்காவுக்கு வருவோரை மின் சைக்கிள் ஓட்டிப் பார்க்கச் சொன்னது, பாதையில் நடப்பவர்களிடம் கேட்டது, அதன் பிறகே அனுமதி கொடுத்தது. பக்கத்தில் போனது மின் சைக்கிள் என்றே நடந்தவர்களில் பலருக்குத் தெரியவில்லை.

விலங்குகளின் பக்கம் வந்தால் நிலைமை மாறுகிறது. ஓரிகனின் ஸ்டார்க்கி ஆய்வுக் காட்டில் வனத் துறை விஞ்ஞானிகள் எல்க் மான்களுக்குக் கழுத்துப்பட்டைக் கருவி மாட்டி, நான்கு விதமான மனித நடமாட்டத்துக்கு அவை எப்படி விலகுகின்றன என்று பார்த்தார்கள். எல்லாவற்றிலிருந்தும் அவை விலகின. நான்கு சக்கர மோட்டார் வண்டியிலிருந்து மிக அதிகம். அடுத்தது மலைச் சைக்கிள். நடப்பவரிடமிருந்தும் குதிரைக்காரரிடமிருந்தும் குறைவு. அந்த மலைச் சைக்கிள்களில் மோட்டார் கிடையாது. மோட்டார் இல்லாத சைக்கிளே மானைத் தள்ளிவிடும் என்றால், ஒரே பிற்பகலில் இரண்டு மடங்கு தூரம் போகவைக்கும் சைக்கிள் என்ன செய்யும்? மின் சைக்கிளின் உண்மையான விளைவு இங்கேதான் இருக்கிறது. சக்கரத்தடம் பழையதுதான். செங்குத்தான ஏற்றம் பார்த்து இதுவரை திரும்பிப் போனவர் இனி திரும்ப மாட்டார். மலையின் செங்குத்தே போட்டிருந்த வேலி விழுந்துவிடுகிறது. காவல் வைக்காமலே அமைதியாக இருந்த உட்பகுதிகளுக்கு இது பெரிய மாற்றம்.

வேகமும் ஓசையின்மையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2016 ஜூனில் மோன்டானாவில் ஒரு துயரமான உதாரணம் கிடைத்தது. கிளேசியர் தேசியப் பூங்காவை ஒட்டிய வனத்தில், மலைச் சைக்கிளில் வளைவைத் திரும்பிய ஒருவர் எதிரே வந்த கிரிஸ்லி கரடி மீதே மோதினார். கரடி அவரைக் கொன்றது. விசாரித்த குழு, வேகம், சத்தமின்மை, பார்வை எட்டாத வளைவு மூன்றையும் சுட்டிக்காட்டியது. கரடிக்கும் மனிதருக்கும் ஓரிரு நொடிதான் இருந்தது. அதுவும் மோட்டார் இல்லாத வண்டி. இறக்கத்தில் எந்தச் சைக்கிளும் வேகமாகத்தான் வரும். மின் சைக்கிள் வந்த பிறகு ஏற்றத்திலும் அந்த வேகம் வருகிறது. இறங்குபவர் ஏறுபவருக்கு வழி விட வேண்டும் என்பது மலைச் சைக்கிள்காரர்களின் பழைய மரியாதை. ஏறுபவர் மூச்சு வாங்க மெதுவாக வருவார் என்ற அனுமானத்தில் பிறந்த மரியாதை அது. ஏறுபவரும் பறந்து வந்தால் யார் யாருக்கு வழி விடுவது?

இந்தத் தகராறில் ஒரு வேடிக்கை. சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே டமால்பைஸ் மலைச் சரிவுகளில் 1970-களில் மலைச் சைக்கிள் பிறந்தபோது, நடப்பவர்களும் குதிரைக்காரர்களும் அதன் மேல் சொன்ன குற்றச்சாட்டுகள் இன்று மின் சைக்கிள் மேல் சொல்லப்படுபவையே. 1964-ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டம், வனாந்தரம் என்று அறிவித்த நிலங்களில் எந்தவிதமான இயந்திரப் போக்குவரத்தும் கூடாது என்கிறது. சைக்கிளுக்கும் அங்கே இடமில்லை என்று வனத் துறை 1984-இல் தெளிவாக எழுதி வைத்தது. மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை 2,650 மைல் போகும் பசிபிக் மலைமுகட்டுப் பாதையிலும் சைக்கிள் கூடாது. இந்தத் தடைகளோடு நாற்பது ஆண்டுகளாக மல்லுக்கட்டி, ஒவ்வொரு பாதையாகக் கேட்டு வாங்கிய மலைச் சைக்கிள்காரர்களில் பலர், மின் சைக்கிளைக் கண்டு இப்போது முகம் சுளிக்கிறார்கள். புதிதாக வந்தவரால் தங்களுக்குக் கிடைத்ததும் போய்விடுமோ என்ற பயம். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. அதிகாரிக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாமல் போனால், இரண்டையும் தடுப்பதுதான் சுலபம்.

பிரித்துப் பார்ப்பதும் சுலபமாக இல்லை. வகையைச் சொல்வது வண்டிச் சட்டகத்தில் ஒட்டியிருக்கும் ஒரு ஸ்டிக்கர். மோட்டார் குழாய்க்குள் ஒளிந்திருக்கிறது. வேக வரம்பு ஒரு மென்பொருள் கட்டளை. கைப்பேசிச் செயலியில் மாற்றிவிடலாம், அல்லது ஆன்லைனில் ஒரு சிறு பெட்டி வாங்கி மாட்டிக்கொள்ளலாம். போதாக்குறைக்கு, பெடல் பேருக்கு ஒட்டியோ ஒட்டாமலோ இருக்கும் மின் மோட்டார் சைக்கிள்களையும் ‘இ-பைக்’ என்ற ஒரே பெயரில் விற்கிறார்கள். ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு ஒரு ரேஞ்சர். அவர் முன்னால் வண்டி கடக்கும் இரண்டு நொடியில் அது முதல் வகையா, திருத்தப்பட்ட மூன்றாம் வகையா என்று கண்டுபிடிக்கச் சொல்வது, சட்டத்தை எழுதியவர் தன் வேலையைத் தள்ளிவிடுவது.

பொறுப்பு விற்பவரிடம் போக வேண்டும். கலிஃபோர்னியா 2024-இல் சட்டத்தைத் திருத்தி, முதல் வகையிலும் மூன்றாம் வகையிலும் மிதிக்காமல் ஓடும் வசதி வைக்கக் கூடாது என்று தெளிவாக்கியது. பிரான்ஸ் இன்னும் கடுமை. வேக வரம்பை அவிழ்த்த மின் சைக்கிளைச் சாலையில் ஓட்டுபவருக்கு ஓராண்டுச் சிறையும் 30,000 யூரோ அபராதமும் வரை விதிக்க 2019-இல் வழி செய்தது. விற்பவருக்கு அதைவிடக் கூடுதல். சிறைத் தண்டனை எனக்கு மிகையாகத் தோன்றுகிறது. ஆனால் பூட்டை உடைக்க முடியாதபடி செய்ய வேண்டியது தொழிற்சாலையின் கடமை என்ற கொள்கை சரியானது.

மின் சைக்கிளுக்காகப் பேசுபவர்கள் எப்போதும் முன்னே நிறுத்துவது முட்டி தேய்ந்த எழுபது வயதுக்காரரை. 2019 ஆணையும் அவரைச் சொல்லித்தான் வந்தது. அவருடைய ஆசை உண்மையானது; ஐம்பது வயதில் ஏறிய மலையை எழுபதில் ஒரு தடவை பார்க்க நினைப்பவரைத் தடுக்க எனக்கு மனமில்லை. அவரைப் போன்றவர்களுக்கு வழியும் இருக்கிறது. நடமாட முடியாதவர் சக்கர நாற்காலியில் வனாந்தரத்துக்குள்ளும் போகலாம் என்று அமெரிக்கச் சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. மாநில, நகராட்சிப் பூங்காக்களில் உடற்குறை உள்ளவர் பயன்படுத்தும் மோட்டார் சாதனங்களை இடத்துக்கு ஏற்ப அனுமதிக்கும் விதி 2010 முதல் உண்டு. இந்தச் சலுகையைத் தாராளமாக்கலாம். ஆனால் பெரியவரை முன்னால் உட்காரவைத்துவிட்டு, அவர் முதுகுக்குப் பின்னால் இருபது வயதுக்காரர்களுக்குக் கடை விரிக்கக் கூடாது.

பாதையிலிருந்து தொடங்குவது எப்படி என்பதற்கு ஜெர்மனியில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநில வனச் சட்டம், இரண்டு மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள காட்டுப் பாதையில் சைக்கிளே ஓட்டக் கூடாது என்கிறது. அதிகாரிகள் தனியாகத் திறந்துவிடும் பாதைகள் விதிவிலக்கு. மோட்டார் இருக்கிறதா, இல்லையா என்ற கேள்வியே எழவில்லை. மலைச் சைக்கிள்காரர்கள் அதைத் திட்டித் தீர்க்கிறார்கள். இரண்டு மீட்டர் என்ற கணக்கு முரட்டுத்தனமானதுதான். அமெரிக்காவின் நீளமான மலைப் பாதைகளுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் நாடா பிடித்து அளக்கலாம், யாரும் செயலியில் மாற்ற முடியாது, ரேஞ்சர் ஸ்டிக்கரைத் தேட வேண்டாம். பாதையின் அகலம், பார்வை எட்டும் தூரம், விலங்குகள் கன்று ஈனும் காலம், குதிரை வரும் வழி ஆகியவற்றைப் பார்த்து ஒவ்வொரு பாதைக்கும் முடிவு எடுப்பது நிக்சன் காலத்துக் கேள்விகளைத் திரும்பக் கேட்பதுதான்.

என் தீர்ப்பு இது. கார் போகும் மண்சாலை, பழைய ரயில் தடம், அகேடியா மாதிரியான அகலச் சாலைகளில் முதல் வகை மின் சைக்கிளை வரவேற்கலாம். மிதிக்காமல் ஓடும் வண்டி மோட்டார் வண்டிகளுக்கான பாதைகளோடு நிற்கட்டும். ஒற்றையடிப் பாதைகளை ஒட்டுமொத்தமாகத் திறக்கவும் வேண்டாம், ஒட்டுமொத்தமாக மூடவும் வேண்டாம். ஜெஃபர்சன் மாவட்டம் செய்ததைப் போல் பார்த்துவிட்டுத் திறக்கட்டும், டாஹோ இரண்டாம் முறை செய்ததைப் போல் கேட்டுவிட்டுத் திறக்கட்டும். வரிசைதான் முக்கியம்: ஆய்வு, கருத்துக் கேட்பு, அனுமதி. பூங்காத் துறை அனுமதியை முதலில் வைத்தது. 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் போன சுற்றறிக்கைக்குத் தேவைப்பட்ட சூழல் ஆய்வறிக்கை, நீதிமன்றம் சொன்ன பிறகு, மக்கள் பார்வைக்கு வந்தது 2023-இல்.